சிவப்பு எண்கள் யாருக்காக?

ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை முடிந்து டீ குடிக்க வந்த தம்பி கேட்டார்: "சினிமாவுல பாம் வைக்கிறவன், இன்னும் எத்தனை செகண்ட் பாக்கின்னு எதுக்கு அண்ணே ஊருக்கே காட்டணும்?"

நியாயமான கேள்வி. அவர் நிற்கும் சோல் பிரஸ் மெஷினிலும் சிவப்பு எண் குறைந்துகொண்டேதான் வருகிறது. பசை பிடிக்கும்வரை அழுத்திவிட்டு மெஷின் விட்டதும் ஷூவை எடுக்க எதிரே ஆள் இருக்கிறார். அவருக்காக அந்த எண். குண்டு வைத்தவனோ எப்போதோ ஓடிவிட்டான். எதிரே நிற்பது அதைச் செயலிழக்கச் செய்ய வந்தவர். அவருக்கு எவனாவது மணி சொல்லிக்கொடுப்பானா? மிரட்டிப் பணம் கேட்கிற வில்லன் என்றால் காட்டட்டும், அதில் அர்த்தம் உண்டு. மற்றபடி அந்த எண்கள் டிக்கெட் வாங்கியவருக்காக எரிபவை. 1964இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படமான 'கோல்ட்ஃபிங்கர்'இல் குண்டின் எண் சரியாக 007இல் நிற்கும். அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ராக்கெட்டுக்கு எண்ணைப் பின்னோக்கி எண்ணும் பழக்கத்தையே பிரபலமாக்கியது ஒரு சினிமாதான்: 1929இல் ஃபிரிட்ஸ் லாங் எடுத்த நிலாப் பயணப் படம். ஆனால் ஸ்ரீஹரிகோட்டாவில் எண்ணுவது, கோளாறு கண்டால் நிறுத்துவதற்கும் சேர்த்துத்தான். 2019 ஜூலை 15 அதிகாலை, சந்திரயான்-2 கிளம்ப 56 நிமிடம் 24 செகண்ட் இருக்கும்போது நிறுத்தினார்கள். ஒரு வாரம் கழித்து, 22ஆம் தேதி ஏவினார்கள்.

நிஜக் குண்டுகளுக்கு வருவோம். 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர்: ராஜீவ் காந்தி கொலை. அந்த வழக்கில் தண்டனை பெற்றவர்கள் வேலூர்ச் சிறையில் வருடக்கணக்கில் இருந்ததால் நம் பக்கத்தில் அந்தக் கதை தெரியாதவர் குறைவு. அங்கே எண்ணிக்கையே கிடையாது. குண்டைக் கட்டியிருந்தவரே சுவிட்சை அழுத்தினார்.

டைமர் இருந்தது மீனம்பாக்கத்தில். 1984 ஆகஸ்ட் 2 இரவு. கொழும்பு விமானத்தில் போகவேண்டிய பெட்டி இங்கேயே தங்கிவிட்டது. குண்டு இருப்பதாக விமான நிலையத்துக்குப் போன் வந்தது. பேச்சை நம்புவதா, பெட்டியைத் தொடுவதா, யாரை வெளியே அனுப்புவது என்று முடிவெடுக்க வேண்டியவர்களின் கண்ணுக்கு எந்த எண்ணும் தெரியவில்லை. சுமார் 30 பேர் இறந்தார்கள். பலர் இலங்கைப் பயணிகள்.

த்ரில்லர் எழுதச் சொன்னால் நான் கடிகாரத்தைப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிடுவேன். அந்த மாதிரி ஒரு போனை எடுத்தவரின் மேஜையிலிருந்துதான் கதையைத் தொடங்குவேன்.