கைமுதலைக் காக்கும் நூலகம்

தாலுகா அலுவலகம், நீதிமன்றம், கல்லூரி என்று எதன் எதிரே பார்த்தாலும் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கும். ஒரு மெஷின், ஒரு மேஜை, நாலு பேப்பர் கட்டு. இவ்வளவை வைத்தே எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன. அந்த மெஷின் உருவானதில் ஒரு பொது நூலகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1930களில் நியூயார்க்கில் ஒரு மின்பொருள் நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் வேலை பார்த்தவர் செஸ்டர் கார்ல்சன். ஆவணங்களுக்குப் பிரதி எடுப்பது அங்கே தீராத தொல்லை. அதற்கு ஒரு வழி தேடி நியூயார்க் பொது நூலகத்தில் அறிவியல் இதழ்களைப் புரட்டத் தொடங்கினார். புகைப்பட ரசாயன முறைகளில் பெரிய நிறுவனங்களின் ஆய்வுக்கூடங்கள் ஏற்கெனவே இறங்கியிருக்கும் என்று கணித்து, அந்தப் பக்கமே போகவில்லை. ஒளி பட்டால் மின்சாரத்தைக் கடத்தும் பொருள்களைப் பற்றித் தேடினார். ஹங்கேரி இயற்பியலாளர் பால் செலெனியின் ஆய்வு கையில் கிடைத்தது. 1938 அக்டோபர் 22 அன்று, அஸ்டோரியா பகுதியில் வாடகைக்கு எடுத்த அறையில், உதவியாளர் ஓட்டோ கோர்னெய்யுடன் சேர்ந்து கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னேற்றினார். தேதியும் ஊர்ப்பெயரும் எழுதிய கண்ணாடித் துண்டை அதன்மேல் வைத்து விளக்கைக் காட்டினார். வெளிச்சம் பட்ட இடத்தில் மின்னேற்றம் வடிந்தது. எழுத்தின் நிழல் விழுந்த இடத்தில் நின்றது. மேலே தூவிய லைகோபோடியம் தூள் அங்கே மட்டும் ஒட்டிக்கொள்ள, மெழுகுத்தாளை அழுத்தியதும் எழுத்து அப்படியே தாளில் இறங்கியது. ஜெராக்ஸ் 914 என்ற மெஷினாக அது சந்தைக்கு வர 1959 ஆகிவிட்டது.

கார்ல்சனுக்கு நூலகம் பணம் தரவில்லை. யார் எதைச் செய்து முடித்துவிட்டார்கள், எந்த இடம் காலியாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் வசதியைத் தந்தது. சிறுதொழிலுக்கு நூலகம் செய்யும் உதவியின் சாரமே இதுதான் என்பேன். ஒரு சந்தை ஆய்வறிக்கையைத் தயாரிக்க ஏகப்பட்ட செலவாகும். ஆனால் நூறு பேர் படித்தாலும் அது தேயாது. பெரிய நிறுவனம் அதை விலைகொடுத்து வாங்கிவிடும். நகையை அடகு வைத்துத் தொழில் தொடங்குபவரால் முடியாது. அவர் தெரியாமலே இறங்கி, நஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொள்கிறார். எல்லோருக்குமாக ஒரே ஒரு முறை வாங்கி வைக்க ஊரில் ஒரு பொது இடம் இருந்தால் இந்த ஏற்றத்தாழ்வு பெருமளவு குறையும். அமெரிக்காவின் நியூவார்க் நகர நூலகர் ஜான் காட்டன் டேனா இதை வெகு முன்பே உணர்ந்தார். தோல், நகைத் தொழில்களுக்குப் பெயர்போன அந்த ஊரின் கடைவீதிப் பகுதியில், வணிகர்களுக்கென்றே ஒரு கிளை நூலகத்தை 1904இல் திறந்தார். முகவரித் தொகுப்புகள், வரைபடங்கள், தொழில் இதழ்கள்தான் அங்கே முக்கியம். வியாபாரி நூலகத்தைத் தேடி வரட்டும் என்று காத்திராமல், நூலகத்தையே அவர் நடமாடும் தெருவுக்குக் கொண்டுபோனார்.

இன்று இதன் வளர்ந்த வடிவத்தை லண்டனில் பார்க்கலாம். பிரிட்டிஷ் நூலகம் 2006இல் தன் வணிக, அறிவுச்சொத்து மையத்தைத் தொடங்கியது. கட்டணம் கட்டினால்தான் திறக்கும் சந்தைத் தரவுகளும் நிறுவன விவரங்களும் அங்கே இலவசம். தேடக் கற்றுக்கொடுக்க ஆளும் உண்டு. பர்மிங்ஹாம், லீட்ஸ், மான்செஸ்டர் போன்ற நகர நூலகங்களுக்கும் இது பரவியது. காப்புரிமை ஆவணம் என்றாலே தடை என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது ஒரு பாடப்புத்தகமும்கூட. உரிமை வேண்டுமென்றால், செய்முறையை ஊரறிய எழுதிவைக்க வேண்டும் என்பது சட்டம். விண்ணப்பித்து 20 ஆண்டு கழிந்தால் அந்தச் செய்முறை பொதுச்சொத்து. ஒரு நாட்டில் பெற்ற காப்புரிமை இன்னொரு நாட்டில் செல்லாது என்பதால், வெளிநாட்டில் மட்டும் பதிவான ஒன்றை இங்கே தயாரித்து இங்கேயே விற்கத் தடையில்லை. வணிகப் பெயர் விஷயமும் இப்படித்தான். மசாலாப் பொடிக்கு ஒரு பெயர் வைத்து, பத்தாயிரம் பாக்கெட் அச்சடித்த பிறகு, அதே பெயரை வேறொருவர் பதிவு செய்திருப்பதாக வக்கீல் நோட்டீஸ் வந்தால், கவர் மொத்தமும் குப்பைக்குத்தான். அச்சகத்துக்குப் போகுமுன் ஒரு மணி நேரம் தேடியிருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

எல்லாம்தான் கைபேசியில் கிடைக்கிறதே, இதற்கு நூலகம் எதற்கு என்று கேட்கலாம். இந்திய வணிகச் சின்னப் பதிவேட்டை யாரும் இணையத்தில் இலவசமாகத் தேடலாம் என்பது உண்மைதான். ஆனால் எந்தப் பொருள் எந்த வகுப்பில் வரும், எழுத்து மாறி ஒலி மட்டும் ஒத்துப்போகும் பெயர் ஆபத்தா என்பதெல்லாம் முதன்முறை பார்ப்பவருக்குப் பிடிபடாது. தரமான சந்தைத் தரவோ இன்றும் சந்தாவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. தனியார் லாபத்துக்குப் பொதுப்பணமா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. தமிழ்நாட்டில் அதற்குப் பதில் சொத்து வரி ரசீதிலேயே இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த நூலக வரி, இன்று சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா. கடைக்காரரும் பட்டறைக்காரரும் அதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கட்டிய வரிக்குத் தன் பிழைப்புக்கு உதவும் சேவையை எதிர்பார்ப்பது சலுகை கேட்பதாகாது. அந்தச் சேவை போட்டிக்காரருக்கும் திறந்தே இருப்பதால் ஒருவருக்கு மட்டும் ஆதாயம் செய்ததாகவும் ஆகாது.

நூலகத்துக்கு வருபவர் இயல்பிலேயே முயற்சிக்காரர், அவர் எப்படியும் ஜெயித்திருப்பார் என்று சொல்பவர்களும் உண்டு. இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. மையத்துக்கு வந்து போனவர்களின் விற்றுமுதல் முழுவதையும் நூலகத்தின் கணக்கில் எழுதினால் நான் நம்ப மாட்டேன். ஆனால் கணக்கில் சேராத நன்மை ஒன்று இருக்கிறது. விவரம் பார்த்துவிட்டு, இந்தத் தொழில் நமக்கு ஆகாது என்று பின்வாங்கியவரின் சேமிப்பு தப்பியிருக்கும். அவர் எந்தப் புள்ளிவிவரத்திலும் வரமாட்டார். சின்ன ஊரில் ஒருவர் நொடித்தால், கடன் கொடுத்த உறவினரும் சரக்கு கொடுத்த மொத்த வியாபாரியும் சேர்ந்தே அடிபடுகிறார்கள். அந்த அடி விழாமல் தடுப்பதும் ஊர்ப் பொருளாதாரத்துக்குச் செய்யும் உதவிதான். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்குத் தனி இடமும் நூல்களும் ஒதுக்கும் வழக்கம் நம் நூலகங்களில் வேரூன்றிவிட்டது. அதேபோல மாவட்ட மைய நூலகங்களில் தொழில் தொடங்குபவர்களுக்கும் ஒரு மேஜை, ஒரு கணினி, சில சந்தாக்கள் வேண்டும். கூடவே பதிவேட்டில் தேடிக்காட்டப் பயிற்சி பெற்ற நூலகர் ஒருவர், கடை அடைத்துவிட்டு வருபவருக்கும் கிடைக்கும் நேரத்தில் அங்கே இருக்க வேண்டும்.