மைக்காளான்களை இனங்காணல்

மழைக்குப் பின் புல்வெளியிலும் பட்ட மரத்தின் அடியிலும் முளைத்து, ஓரிரு நாள்களிலேயே கரிய நீராக உருகிச் சொட்டும் காளான்கள் மைக்காளான்கள் எனப்படுகின்றன. இந்த உருக்கம் அழுகல் அன்று. குடையின் அடியில் நெருங்கி அமைந்த மெல்லிய தகடுகளான செவுள்களில், காளானின் இனப்பெருக்கத் துகள்களான வித்துகள் விளிம்பிலிருந்து மேல்நோக்கி முதிர்ந்து உதிர, உதிர்த்து முடித்த பகுதியைக் காளான் தன் நொதிகளாலேயே கரைத்துக்கொள்வதால், மேலுள்ள வித்துகள் காற்றில் பறக்க வழி கிடைக்கிறது. நீரின் கருமை அதில் கலந்துவிட்ட வித்துகளால் வருவது.

எனினும் மை வடிவதை மட்டும் கொண்டு இனத்தை அறிய இயலாது. நெடுங்காலம் கோப்ரினஸ் என்னும் ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டிருந்த இக்காளான்கள், டி.என்.ஏ. ஒப்பீட்டின் அடிப்படையில் 2001இல் நான்கு பேரினங்களாகப் பிரிக்கப்பட்டன. அவற்றுள் பாராசோலா இனங்கள் பெரும்பாலும் உருகாமல் வாடிச் சுருங்குகின்றன. பழைய பெயரைத் தக்கவைத்த கோப்ரினஸ் கோமேட்டசோ மற்ற மூன்றையும்விட மொட்டுக்காளானுக்கே நெருங்கிய உறவு.

ஆகவே உருகுமுன் உள்ள உருவையே நோக்க வேண்டும். கோமேட்டசின் இளங்குடை வெண்மையாய், உருளைபோல் நீண்டு, மேலெல்லாம் செதில் செதிலாய்ச் சிலிர்த்திருக்கும். தண்டில் மேலுங்கீழும் நகரும் வளையம் ஒன்று உண்டு. தண்டை நெடுக்காகப் பிளந்தால் உட்குழலில் நூல்போன்ற இழை தெரியும். கோப்ரினாப்சிஸ் அட்ரமென்டாரியாவின் குடையோ சாம்பல் நிறத்தில், முட்டை வடிவில், ஏறக்குறைய வழவழப்பாக இருக்கும், கொத்தாக முளைக்கும். இவ்விரண்டையும் பிரித்தறிவது வெறும் ஏட்டறிவு அன்று: முன்னது இளமையில் உண்ணத்தக்கது, பின்னதிலுள்ள கோப்ரின் என்னும் பொருள் மதுவை உடல் சிதைக்கும் நொதியைத் தடுப்பதால், உண்டவர் சில நாள் கழித்து மது அருந்தினாலும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுக்க நேரும்.

எல்லா இனங்களும் இவ்வாறு கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. மரக்கட்டைகளின் அடியில் கூட்டமாக முளைக்கும் கோப்ரினெல்லஸ் மைகேசியஸ் தன் தேன்நிறக் குடையில் மினுக்கும் துகள்களைத் தாங்குகிறது. இளங்காளானைப் போர்த்தியிருந்த திரையின் எச்சமான அத்துகள்களை ஒரு மழையே கழுவிவிடும். நெருங்கிய இனமான கோப்ரினெல்லஸ் ட்ரங்கோரமும் இதே தோற்றம் கொண்டது. தண்டின் நுண்மயிரையும் வித்தின் வடிவையும் நுண்ணோக்கியில் பார்க்காமல், நிழற்படத்தை மட்டும் கண்டு இவற்றுள் ஒன்றின் பெயரை உறுதியாகச் சொல்வது ஊகமே.