சாலவாக்கத்துப் புல்லட்: அன்றும் இன்றும்

முப்பது வருஷத்துக்கு முன் சாலவாக்கம் பக்கத்தில் புல்லட் வைத்திருந்தவர்கள் எல்லோருமே பாதி மெக்கானிக்குகள். வேறு வழியில்லை. வண்டி நடுவழியில் நின்றால் ஒரு பக்கம் செங்கல்பட்டு, மறு பக்கம் உத்திரமேரூர். 160 கிலோவுக்கு மேல் இருக்கும் இரும்பை அவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு போக யாராலும் ஆகாது. அதனால் பிளக் ஸ்பேனர், உப்புத்தாள், ஒரு பழைய துணி எல்லாம் டூல் பாக்ஸில் எப்போதும் கிடக்கும்.

அந்த வண்டியைக் கிளப்புவதற்கே ஒரு வரிசை உண்டு. சாவியைத் திருப்பி, கிக்கரை மெதுவாக மிதித்து, கம்ப்ரஷன் தட்டும் இடத்தில் நிறுத்த வேண்டும். டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் இறக்கினால், இடது பக்கம் சாய்ந்திருந்த ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும். அங்கே லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழுக்க ஒரே மிதி. இந்த வரிசை தெரியாமல் உதைத்தவர்களைக் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலை வீங்க வைத்திருக்கிறது. டைமிங் முன்னால் ஏறியிருந்தால் வரிசை தெரிந்தவர்களுக்கும் அதே கதிதான்.

அந்த முள் கோளாறையும் சொல்லிவிடும். கிக்கரை மெதுவாக இறக்கும்போது முள் இடதுக்கும் நடுவுக்கும் மாறி மாறி ஆடினால் பேட்டரி, காயில், கரண்டை விட்டுவிட்டு வெட்டும் பாயிண்ட் மூன்றுக்கும் கரண்ட் ஓடுகிறது என்று அர்த்தம். ஆடாமல் நடுவிலேயே நின்றால் ஃப்யூஸ் போயிருக்கும், அல்லது பாயிண்டில் அழுக்கு. இடது பக்கமே ஒட்டிக்கொண்டால் பாயிண்ட் திறக்கவில்லை, இல்லையென்றால் கண்டென்சர் ஷார்ட். ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் பாதி விஷயம் தெரிந்துவிடும். குளிர்ந்திருக்கும்போது ஒரே மிதியில் கிளம்பி, சூடேறியதும் நின்று அடம்பிடிக்கும் வண்டிக்குக் கண்டென்சரையோ காயிலையோதான் முதலில் சந்தேகப்படுவார்கள்.

பாயிண்டை வைப்பது தனிக் கலை. இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் இல்லாத கடையில் ஒரு அட்டைத் துண்டே அளவு. டைமிங்குக்கு சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய தாள் போதும். அதைப் பாயிண்டின் இரண்டு முனைகளுக்கும் நடுவில் செருகி, விரலால் லேசாக இழுத்தபடியே இன்ஜினைச் சுற்றுவார்கள். தாள் பிடிவிட்டு நழுவும் அந்தக் கணத்தில் பிஸ்டன் உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும். பிளக் துளை வழியாக ஒரு கம்பியை விட்டு அதையும் அளந்துவிடுவார்கள். இதைச் செய்த கைகள் பலவற்றுக்கு எழுத்து வாசனை கிடையாது. அளவு மட்டும் பிசகியதில்லை.

அந்த அறிவு அத்தனை காலம் செல்லுபடியானதற்குக் காரணம் உண்டு. 1955-ல் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியாவின் திருவொற்றியூர் தொழிற்சாலை, 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி என்ற அதே அடிப்படையைப் பல பத்தாண்டுகள் மாற்றவே இல்லை. ஒரு வண்டியில் கற்றது பத்து வருஷம் கழித்து வந்த வண்டிக்கும் பொருந்தியது. கிராமத்துக்காரர்கள் கைவைத்து மாற்றியதும் உண்டு. பெட்ரோல் கட்டுப்படியாகாமல் டீசல் இன்ஜினைத் தூக்கிப் புல்லட் சட்டத்தில் பூட்டினார்கள். பின்னால் கம்பெனியே டாரஸ் என்று ஒரு டீசல் மாடலை விற்றது. அதிர்வில் கை மரத்துப்போகும், வேகமும் கிடையாது. ஆனால் என்ன மாற்றினோம் என்பது மாற்றியவருக்குத் தெரியும். வண்டியும் அவரிடமே இருக்கும்.

இன்று புல்லட் நம் மாவட்டத்திலேயே பிறக்கிறது. 2013-ல் ஒரகடத்தில் ஆலை வந்தது, பிறகு வல்லம் வடகாலில் இன்னொன்று. பாயிண்ட் போய் எலக்ட்ரானிக் இக்னிஷன் வந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி அமலானதோடு கார்பரேட்டரும் போனது. 2023-ல் வந்த புல்லட்டில் கிக்கரே கிடையாது. அது கிளம்பவில்லை என்றால் சைடு ஸ்டாண்ட் சுவிட்ச், கில் சுவிட்ச், பேட்டரி என மூன்றைப் பார்த்துவிட்டு ஷோரூமுக்குப் போன் செய்ய வேண்டியதுதான். ஸ்கேனரைச் செருகினால் கோளாறின் எண்ணைத் திரை காட்டும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம்பகமான வண்டி, பெண்களும் வயதானவர்களும் சிரமமில்லாமல் ஓட்டுகிறார்கள்.

எனக்குக் கவலை பழைய வண்டிகளைப் பற்றித்தான். தாத்தாவின் புல்லட்டை வெளியே எடுத்து, நீளமான சைலன்சர், வெறும் கூம்பு ஏர் ஃபில்டர், எல்இடி விளக்கு எல்லாம் மாட்டி ஓட்டும் இளைஞர்கள் இப்போது அதிகம். அந்த ஆசை எனக்குப் பிடிக்கும். ஆனால் வண்டி கிளம்பவில்லை என்று அவர்கள் மெக்கானிக்கிடம் வரும்போது, "அண்ணே, கரண்ட் வருதா பாத்தீங்களா?" என்ற பழைய முதல் கேள்வி மட்டும் போதாது. இந்த வண்டியில் எதெல்லாம் மாறியிருக்கிறது என்பதை அதற்கு முன்னால் கேட்க வேண்டும். பழைய வண்டியின் இன்றைய கோளாறுகளில் பெரும்பகுதி இன்ஜினுக்கு வயதானதால் வருவதில்லை. நடுவில் வந்த கைகள் வைத்துவிட்டுப் போனவை.

தடையில்லாத சைலன்சரும் கூம்பு ஃபில்டரும் சேர்ந்தால் காற்று கூடும். கார்பரேட்டரின் ஜெட் பழைய அளவிலேயே இருந்தால் பெட்ரோல் பத்தாது. காலையில் சோக் போட்டும் கிளம்பாது, ஓடும்போது ஆக்சிலரேட்டரை விட்டால் சைலன்சர் படபடவென வெடிக்கும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் காப்பி நிறத்தில் இருக்க வேண்டிய முனை வெள்ளையாகச் சுட்டிருக்கும். பைலட் ஜெட்டையும் மெயின் ஜெட்டையும் காற்றுக்கு ஏற்ப ஏற்றினால் பெரும்பாலும் சரியாகும். சாலவாக்கத்துக்கு இதில் தனித் தொல்லை ஒன்று உண்டு: சுற்றிலும் கல்குவாரியும் கிரஷரும். டிப்பர் லாரிகள் கிளப்பும் கல்தூள் அந்த மெல்லிய கூம்பு வழியாகச் சிலிண்டருக்குள் போய் ரிங்கைத் தேய்க்கும், கம்ப்ரஷன் இறங்கும், அப்புறம் கரண்டும் பெட்ரோலும் சரியாக இருந்தாலும் கிளம்பாது. இந்த ஊரில் கம்பெனி ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றவே கூடாது என்பது என் கட்சி.

வயரிங் அதைவிட மோசம். பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் கிட் போட்ட வண்டிகளில் பேட்டரி கொஞ்சம் இறங்கினாலும் பொறி வராமல் போகலாம். ஆம்பியர் மீட்டரையே அழகுக்காகக் கழற்றிவிட்ட வண்டியில் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? டேப் சுற்றிய இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

பெட்ரோலும் மாறிவிட்டது. இப்போது அதில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மாதக்கணக்கில் நின்ற வண்டியின் டேங்கில் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து, பெட்ரோல் டேப் இழுக்கும் அடித்தட்டிலேயே தங்கும். கார்பரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி, அதில் இருப்பதை ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றிப் பாருங்கள். கீழே தனியாக ஒரு படலம் நின்றால் எத்தனை முறை உதைத்தும் பயனில்லை. டேங்கைக் காலி செய்ய வேண்டும். பழைய ரப்பர் டியூப்பும் வாஷரும் எத்தனாலில் ஊறி உப்பும், அவற்றையும் மாற்றிவிடுவது நல்லது.

வண்டியை ஆர்சியில் உள்ள விவரத்துக்கு முரணாக மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டம் அனுமதிக்கும் சின்ன மாற்றங்களைச் செய்கிறவர்கள் ஒரு பாக்கெட் நோட்டில் தேதியோடு குறித்து வையுங்கள்: ஜெட் எண், பிளக் எண், எந்த நிற வயரை எதோடு சேர்த்தீர்கள், பழைய பாயிண்ட் தட்டு எந்தப் பெட்டியில் இருக்கிறது. வண்டியை விற்கும்போது ஆர்சியோடு அந்த நோட்டையும் கொடுத்துவிடுங்கள்.