நீங்கள் அனுப்பும் இணைப்பு பத்து வருடம் கழித்தும் திறக்குமா?

தீவகத்து ஊர்களின் வட்ஸ்அப் குழுமங்களில் ஒருநாள் வருபவற்றைப் பாருங்கள். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவில் திருவிழா நேரலை, ரொறன்ரோவில் நடந்த பழைய மாணவர் ஒன்றுகூடலின் படங்கள், ஒரு மரண அறிவித்தல், நெடுந்தீவுக் குதிரைகளைப் பற்றிய யூடியூப் காணொளி, அதற்குக் கீழே யாரோ ஒரு அண்ணை எழுதிய நீண்ட அரசியல் கருத்து. இவற்றுக்கு நடுவே சில வேளை ஓர் இணையத்தள இணைப்பு மட்டும் தனியாக வந்து கிடக்கும். என்ன, எதற்கு என்று ஒரு சொல்லும் இருக்காது. அதை அநேகமானோர் திறப்பதில்லை. மாலைக்குள் அது மேலே போய்விடும்.

அந்த இணைப்பு எதுவாகவும் இருக்கலாம். உதாரணத்துக்கு, நயினாதீவுக் கோவிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டைப் பற்றிக் கலாநிதி கா. இந்திரபாலா 1963இல் இலங்கைப் பல்கலைக்கழக ஆய்விதழில் எழுதிய கட்டுரையாக இருக்கலாம். 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு பிறப்பித்த கட்டளை அது. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் வெளிநாட்டு வணிகர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் கால் பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்கால் பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கேற்றிய கப்பல் என்றால் பாதிக்குப் பாதி. "எங்கட துறைமுகத்துச் சட்டம், எண்ணூறு வருசத்துக்கு மேல பழசு, வாசிச்சுப் பாருங்கோ" என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினால் பத்துப் பேராவது திறப்பார்கள். வெறும் இணைப்பென்றால் ஒருவரும் திறக்கமாட்டார். பகிர்தலில் பாதி வேலை அந்த ஒரு வரிதான்.

எங்களுக்கு இது பொழுதுபோக்கு மட்டுமல்ல. 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அது எல்லோருக்கும் தெரிந்த கதை. வீட்டு றங்குப்பெட்டிகளில் இருந்தவை போனதை யாரும் எண்ணவில்லை. 1990இலும் 1991இலும் இராணுவ நடவடிக்கைகளால் மண்டைதீவு, அல்லைப்பிட்டி, வேலணை, ஊர்காவற்றுறை எனத் தீவகச் சனம் உடுத்த உடுப்போடு கடந்து போனது. 1995இல் வலிகாமத்திலிருந்தும் ஓட வேண்டி வந்தது. காணி உறுதி, சாதகம், கலியாணப் படம், பாடசாலை மலர் எல்லாம் ஓடுகளில்லாத வீடுகளில் நனைந்து அழிந்தன. எஞ்சியவை யாராவது ஒருவர் கையோடு கொண்டுபோனதால் எஞ்சியவை. இன்று அவை லண்டனிலும் பாரிசிலும் அலுமாரிகளில் கிடக்கின்றன, அல்லது ஆர்வமுள்ள ஒருவர் நடத்தும் இணையத்தளத்தில் ஏறியிருக்கின்றன.

2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய "நூலகம்" இணையத்தளத்தை அறியாதவர்கள் இப்போது குறைவு. ஆனால் அங்கே நூல்களும் பத்திரிகைகளும் மட்டும்தான் இருக்கின்றன என்று நினைப்பவர்கள் பலர். நான் அடிக்கடி போவது நினைவு மலர்ப் பகுதிக்கு. நாங்கள் "கல்வெட்டு" என்று சொல்லும் அந்தச் சின்னப் புத்தகம், அந்தியேட்டி அன்று கையில் தரப்படுவது, ஓர் ஊரின் பதிவேடு போன்றது. தேவாரத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் நடுவில் வம்சாவளி இருக்கும், யார் எந்த ஊரில் கலியாணம் செய்தார், எந்தப் பாடசாலையில் படிப்பித்தார், எந்தக் கோவிலுக்குக் கிணறு வெட்டினார் என்றிருக்கும். மக்கள் இல்லாமல் போன தெருக்களுக்கு வேறு சாட்சி அதிகம் இல்லை. படங்களுக்கும் ஒலிப்பதிவுகளுக்கும் அதே நிறுவனத்தின் "ஆவணகம்" தளம் இருக்கிறது.

தமிழ் இணையத்தின் முக்கிய வேலைகளில் பல, ஒருவர் உத்தியோகம் முடிந்து வந்து இரவில் இருந்து செய்தவை. சுவிற்சர்லாந்தில் வேதியியலாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் 1998 தைப்பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். தமிழ் விக்கிப்பீடியாவை ஆரம்பத்தில் கட்டியெழுப்பிய இ. மயூரநாதன் கட்டடக் கலைஞர், வளைகுடாவில் வேலை செய்தவர். யாழ்ப்பாணத்தைப் பற்றி அங்கே இத்தனை கட்டுரைகள் இருப்பதற்கு அவர் பெரிய காரணம். பாமினி எழுத்துருவில் செய்யப்பட்ட பழைய ஊர்த் தளங்கள் இன்று திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கலைந்து தெரியும். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றச் சுரதா யாழ்வாணனின் "பொங்குதமிழ்" மாற்றியில் ஒட்டினால் சில நொடியில் தமிழ் திரும்பி வரும். இதைத் தெரியாமல் "தளம் பழுது" என்று மூடிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் ஆர்வத்தால் நடப்பது ஆள் களைத்தால் நிற்கும். தளத்தின் பெயருக்கு வருடாவருடம் காசு கட்ட வேண்டும். கட்டியவர் நோயில் விழுந்தால், அல்லது காலமானால், பிள்ளைகளுக்குக் கடவுச்சொல் தெரியாது. பெரிய நிறுவனங்களும் கைவிடும். இலவசத் தளங்கள் ஆயிரமாயிரமாய் இருந்த ஜியோசிட்டீஸை யாஹூ 2009இல் மூடியது, பிறகு யாஹூ குழுமங்களும் போயின. பியூ ஆய்வு நிலையம் 2024இல் வெளியிட்ட கணக்குப்படி, 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருடத்தில் திறக்க முடியாதவையாகிவிட்டன. அது முழு இணையத்துக்குமான கணக்கு. தனி மனிதர்களின் தோளில் நிற்கும் எங்கள் ஊர்த் தளங்களின் நிலை அதைவிட நல்லதாக இருக்கும் என்று நான் நம்பவில்லை.

ஆகவே பிடித்த பக்கம் ஒன்றைக் கண்டால் அனுப்ப முதல் சேமித்து வையுங்கள். 1996இல் தொடங்கிய இன்ரநெற் ஆர்க்கைவ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் "வேபாக் மெசின்" பக்கத்துக்குப் போய், சேமிக்கும் பெட்டியில் முகவரியை ஒட்டினால் போதும். அது அந்தப் பக்கத்தை அன்றைய திகதியோடு பிரதியெடுத்துப் புதிய முகவரி ஒன்றைத் தரும். மூலத்தளம் போனாலும் பிரதி நிற்கும். இலவசம், கணக்குத் திறக்கத் தேவையில்லை. காணாமல் போன பழைய ஊர்த் தளத்தின் முகவரி உங்களுக்கு ஞாபகமிருந்தால் அதையும் அங்கே போட்டுப் பாருங்கள், சில வேளை கிடைக்கும். முகநூல் பதிவுகள் இப்படிச் சரியாகச் சேமிபடாது. ஊர்ப் படங்களை முகநூலில் மட்டும் போட்டு வைப்பது, என் கருத்தில், வாடகை வீட்டில் சீமெந்துத் தொட்டி கட்டுவது போலத்தான்.

என்னுடைய ஆர்வம் பழைய வரைபடங்களும் இடப்பெயர்களும். ஒல்லாந்தர் தங்கள் நாட்டு ஊர்களின் பெயரைத் தீவுகளுக்கு வைத்தார்கள்: வேலணைக்கு லெய்டன், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க், அனலைதீவுக்கு றொட்டர்டாம். நெடுந்தீவின் டெல்வ்ற் மட்டும்தான் இன்றும் பரவலாக நிலைத்தது. காய்ட்ஸ் என்பது யானை ஏற்றும் துறை என்ற போர்த்துக்கேயப் பெயரிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். ஊர்காவற்றுறைக் கடற்கோட்டையின் பழைய படங்களை "அட்லஸ் ஒப் மியூச்சுவல் ஹெரிற்றேஜ்" என்ற ஒல்லாந்துத் தளத்தில் பார்க்கலாம். அரசர்கள் வைத்த பெயருக்கு ஆவணம் இருக்கிறது. ஒழுங்கைக்கும் கேணிக்கும் வயல்வெளிக்கும் அம்மம்மா சொன்ன பெயருக்கு இல்லை. "ஓப்பின் ஸ்ரீற் மப்" வரைபடத்தில் யாரும் கணக்குத் திறந்து இடப்பெயர் சேர்க்கலாம், தமிழிலேயே சேர்க்கலாம். வயதானவர்களோடு கைபேசியை வைத்துக்கொண்டு இருந்து செய்ய வேண்டிய வேலை இது. தள்ளிப்போட ஏலாது.

கருத்துப் பற்றியும் ஒரு சொல். கருத்தில்லாத பகிர்வு உப்பில்லாத கூழ். ஆனால் எது ஆவணம், எது உங்கள் கருத்து என்று பிரித்து எழுதுங்கள். 1985 மே 15 குமுதினிப் படகுப் படுகொலையில் இறந்தோர் எண்ணிக்கை ஆவணத்துக்கு ஆவணம் மாறுகிறது. எண்ணை எழுதும்போது எதிலிருந்து எடுத்தீர்கள் என்றும் எழுதினால், பிறகு வந்து மறுப்பவருக்குக் காட்ட ஏதாவது இருக்கும். கோபத்தில் கூட்டி எழுதிய எண் எங்களுக்கே எதிராகத் திரும்பும்.

எல்லாவற்றையும் பொதுவில் போடவும் கூடாது. உயிரோடிருப்பவர்களின் விலாசம், பிறந்த திகதி, காணி விபரம், காணாமல் ஆக்கப்பட்டவரின் குடும்பப் படம் ஆகியவற்றைக் குடும்பத்திடம் கேட்காமல் ஏற்றாதீர்கள். வம்சாவளியில் இறந்தவர்களின் பகுதியை மட்டும் பகிர்ந்தாலும் ஆய்வுக்குப் போதுமானது.

கடைசியாக ஒரு சின்ன விடயம். புலம்பெயர்ந்த நாட்டிலிருந்து முழுப் புத்தகக் கோப்பை அப்படியே அனுப்புகிறவர்கள், குறிகட்டுவானில் படகுக்கு நிற்பவரின் டேற்றாவையும் யோசியுங்கள். நூலின் பெயர், பக்க எண், அந்த ஒரு பக்கத்தின் படம், ஏன் பிடித்தது என்று ஒரு வரி. முழுதும் வேண்டுமென்றால் அவர் கேட்பார்.