குமிழி விடும் அமேசான் ஏரிகள்!

குளத்துச் சேற்றில் கால் வைத்ததும் குபுகுபுவெனக் குமிழிகள் கிளம்புமே, கவனித்திருக்கிறீர்களா? 1776-ல் இத்தாலியின் மஜோரே ஏரியில் சேற்றைக் கிளறி, அப்படி வந்த வாயுவைப் பிடித்தார் வோல்ட்டா. பின்னாளில் மின்கலம் கண்டுபிடித்த அதே வோல்ட்டாதான். நெருப்பைக் காட்டியதும் அது குப்பென்று பற்றிக்கொண்டது. அதுதான் மீத்தேன்!

இந்தக் குமிழிகள் ஏராளமாகக் கிளம்பும் இடம் அமேசான். பிரேசிலின் மனாஸ் நகரில் ஆற்று நீர்மட்டம் ஆண்டுதோறும் சராசரியாக 10 மீட்டர் ஏறி இறங்குகிறது. மூன்று மாடி உயரம்! வெள்ளம் கரையோரக் காடுகளையும் ஏரிகளையும் ஒன்றாக்கிவிடும். தண்ணீரில் மெத்தைபோலப் புல் படரும். அது செத்து, இலை தழையோடு சேற்றில் புதையும். அங்கே ஆக்ஸிஜன் கிடையாது. காற்றே வேண்டாத நுண்ணுயிரிகள் அதை மட்கவைக்கும்போது மீத்தேன் பிறக்கிறது.

மீத்தேனைத் தின்றே வாழும் பாக்டீரியாக்களும் உண்டு. ஆனால், ஆழமில்லாத ஏரிகளில் குமிழி சட்டென்று மேலே வந்து தப்பிவிடுகிறது.

மரங்களும் புகைபோக்கிதான்! சுனிதா பங்காலா குழுவினர் அமேசான் வெள்ளச் சமவெளியில் 2,300-க்கும் அதிகமான மரங்களை அளந்தார்கள். அமேசான் படுகையின் மீத்தேனில் சுமார் பாதி மரங்கள் வழியாகவே வெளியேறுகிறது என்றது 2017-ல் வெளியான அந்த ஆய்வு.

இது காலங்காலமாக நடப்பதுதானே, இப்போது என்ன கவலை? 100 ஆண்டுக் கணக்கில் மீத்தேன், கார்பன் டை ஆக்ஸைடைவிட சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். சூடு கூடினால் சேற்று நுண்ணுயிரிகளின் வேகமும் கூடும். 2023 வறட்சியில் பிரேசிலின் டெஃபே ஏரித் தண்ணீர் 39 டிகிரியைத் தொட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆற்று டால்பின்கள் செத்து மிதந்தன. பூமி சூடானால் மீத்தேன் கூடும். மீத்தேன் கூடினால் பூமி இன்னும் சூடாகும்.

ஏரிகளைக் குற்றம் சொல்ல முடியாது. மீனும் உணவும் தரும் தாய்மடி அவை. குறைக்க வேண்டியது மனிதர்களின் பங்கைத்தான். எண்ணெய்க் கிணறு, கால்நடை, நெல்வயல், குப்பைமேடு என அந்தப் பட்டியல் நீளம். 2030-க்குள் இதை 30 சதவிகிதம் குறைப்பதாக 2021 கிளாஸ்கோ மாநாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் உறுதி எடுத்தன. மீத்தேன் காற்றில் சுமார் 12 ஆண்டுகளே தங்கும். அதனால் இன்று குறைத்தால் பலனை நாமே பார்க்கலாம்.

நம் வீட்டுக் காய்கறிக் கழிவும் குப்பைமேட்டுக்குள் காற்றில்லாமல் புதைந்தால், அந்த ஏரிச் சேற்றின் வேலையையே செய்யும். காற்றோட்டமாக மட்கவைத்தால் செடிக்கு உரம்!