கோவா: எந்தக் கரையில் கால் நனைப்பது?

ஒரே கடல், ஒரே மணல். ஆனால் தவறான கரையில் அறை எடுத்தால் மூன்று நாள் விடுமுறையும் டாக்சியிலேயே கழியும்

கோவாவுக்குப் போய் வந்தவர்களில் இரண்டு ரகம் உண்டு. ‘அப்படி ஒன்றும் பிரமாதமில்லை, ஒரே கூட்டம்’ என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் ஒரு ரகம். அடுத்த விடுமுறைக்கும் அங்கேயே டிக்கெட் எடுக்கிறவர்கள் இன்னொரு ரகம். இரு சாராரும் பார்த்தது ஒரே அரபிக்கடலைத்தான். வித்தியாசம் அவர்கள் இறங்கிய கரையில்.

முதன்முறை போகிறவர்கள் பெரும்பாலும் யோசிப்பதே இல்லை. காதில் விழுந்த பெயர் கலங்குட். பனாஜியிலிருந்து 15 கி.மீ.தான், அங்கேயே அறை போட்டுவிடுகிறார்கள். அறுபதுகளின் கடைசியில் ஹிப்பிகள் வந்து படுத்துக்கிடந்த மீனவக் கிராமம் இது என்று சொன்னால் இன்று நம்புவது கடினம். வண்டிகள், வாட்டர் ஸ்கூட்டர், பாராசெயிலிங் தரகர்கள், தொப்பி விற்பவர்கள் என்று மணலுக்குப் போகும் முன்பே தலை சுற்றிவிடும். கூட்டமும் கலகலப்பும் வேண்டுமென்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. அமைதியைத் தேடி வந்தவர்கள் பாவம்.

கோவாவில் கரையைத் தேர்ந்தெடுக்குமுன் பார்க்க வேண்டியது ஆறுகளை. தெரேகோல், சப்போரா, மாண்டோவி, ஜுவாரி, சால் என்று அடுத்தடுத்து கடலில் கலக்கும் ஆறுகள் கரையைத் துண்டு துண்டாக்கியிருக்கின்றன. வரைபடத்தில் விரல்கடை தூரம் சாலையில் பாலம் தேடிச் சுற்றும் தூரமாகிவிடும். கலங்குட்டில் தங்கிக்கொண்டு தெற்கே பாலோலெம் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினால் போகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே முதலில் வடக்கா தெற்கா என்று முடிவு கட்டுவது நல்லது. விமானத்தில் வருகிறவர்களுக்கு இப்போது வசதி கூடியிருக்கிறது: பழைய டாபோலிம் நிலையத்தோடு, 2023 ஜனவரியிலிருந்து வடகோடியில் மோபா நிலையமும் இயங்குகிறது. ரயிலில் வந்தால் வடக்குக்குத் திவிம், தெற்குக்கு மட்காவ், கடைக்கோடிக்குக் காணகோணா.

வடக்கிலும் எல்லாம் கலங்குட் அல்ல. அதன் தெற்கே காண்டோலிம் சற்று நிதானமானது. 2000 ஜூனில் இங்கே தரைதட்டிய ‘ரிவர் பிரின்சஸ்’ கப்பல் பத்தாண்டுகளுக்கு மேல் அகற்றப்படாமல் கிடந்து, கரை மணலை அரிக்க வைத்த கதை உள்ளூரில் இன்னும் பேசப்படுகிறது. அதற்கடுத்த சிங்கேரிம் கரையில், 1612ல் போர்த்துகீசியர் கட்டிய அகுவாடா கோட்டை நிற்கிறது. அஞ்சுனா பாறைக் கரை. புதன்கிழமைச் சந்தைக்காகப் போகலாம், குழந்தைகளைத் தண்ணீரில் விட அல்ல. வாகத்தோரில் செம்பாறை மேட்டிலிருந்து அந்தி பார்ப்பதுதான் விசேஷம். சப்போரா ஆற்றைத் தாண்டிவிட்டால் சத்தம் குறைகிறது. ஆரம்போலில் கடலுக்கு எட்டிய தூரத்திலேயே ஒரு நன்னீர்க் குளம். உப்புநீரில் குளித்தவர்கள் அங்கே போய் உடம்பை அலசிக்கொள்ளலாம்.

அழகைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. தண்ணீரின் இழுப்பு. கரையில் மோதிய அலைநீர் மணல் திட்டுகளுக்கு இடையே ஒரு வாய்க்கால்போல் வழி கண்டுபிடித்துக் கடலுக்குத் திரும்புகிறது. இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் நீர் சாதுவாகத் தெரியும். ‘இங்கே அலையே இல்லை’ என்று விவரம் தெரியாதவர்கள் இறங்குவது சரியாக அந்த இடத்தில். சிக்கியவர்கள் கரையை நோக்கி மல்லுக்கட்டிக் களைத்துப்போகிறார்கள். பதற்றப்படாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் இழுப்பிலிருந்து வெளியே வந்துவிடலாம். ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரங்களில் ஆபத்து இன்னும் அதிகம். 2008லிருந்து திருஷ்டி என்ற தனியார் நிறுவனத்தின் உயிர்காப்பாளர்கள் முக்கியக் கரைகளில் நிற்கிறார்கள். சிவப்பும் மஞ்சளும் கலந்த கொடிகளுக்கு நடுவே குளிக்கலாம். வெறும் சிவப்புக் கொடி என்றால் கூடாது. குடும்பத்தோடு போகிறவர்கள் கொடியோ காவலோ இல்லாத ‘தனிமையான’ கரையில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம். குடித்துவிட்டு இறங்குவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கரையில் குடிப்பதே 2019லிருந்து அபராதத்துக்குரிய குற்றம்.

மாதமும் கரையை மாற்றிவிடும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை கடலும் வெயிலும் சாது. ஆனால் நம்மவர்களுக்குப் பள்ளி விடுமுறை விடுவது மே மாதத்தில். அப்போது புழுக்கம் தாங்காது. மாத இறுதிக்குள் கடற்கரையோரத்து ‘ஷாக்’ குடில்களைப் பிரித்து அடுக்கிவிடுவார்கள். போதாக்குறைக்கு, கப்பல்களிலிருந்து கசியும் எண்ணெய்க் கழிவு கெட்டிப்பட்டுத் தார் உருண்டைகளாகக் கரை ஒதுங்குவதும் இந்தப் பருவத்தில்தான். காலில் ஒட்டினால் லேசில் போகாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கடலைப் பார்க்கலாம், இறங்கக் கூடாது.

தெற்கு வேறு உலகம். வெல்சாவிலிருந்து கோல்வா, பெனாலிம், கவெலோசிம் வழியாக மோபோர் வரை இருபது கி.மீ.க்கு மேல் அறுபடாத மணல். கோல்வாவில் பஸ் நிற்கும் இடத்தில் மட்டும் ஜனநெரிசல். அரை மணி நேரம் எந்தத் திசையில் நடந்தாலும் மீன்பிடி வலைகளும் நண்டுகளும்தான் துணை. வயதானவர்களை அழைத்துப்போகிறவர்களுக்குப் பெனாலிம் சௌகரியம்.

அகோண்டாவும் கால்ஜிபாகாவும் ஆமைகளுக்கு உரியவை. வடக்கே மோர்ஜிமும் அப்படித்தான். குளிர்காலத்தில் பங்குனி ஆமைகள் இரவில் ஏறிவந்து முட்டையிடுகின்றன. ஏறத்தாழ 50 நாளில் பொரித்து வரும் குஞ்சுகள், கடலின் மேல் தெரியும் வெளிச்சத்தை நோக்கி ஓடுகின்றன. அதைவிடப் பிரகாசமாக உணவு விடுதி விளக்கு எரிந்தால் எதிர்த்திசையில் ஓடிச் செத்துப்போகும். இரவு முழுக்கப் பாட்டும் விளக்கும் வேண்டுமென்பவர்கள் தயவுசெய்து பாகாவுக்கே போகலாம். அங்கே யாருக்கும் ஆட்சேபணை இல்லை. கால்ஜிபாகாவில் சவுக்குத் தோப்பும் மணலும் தவிர அதிகம் ஒன்றுமில்லை. அதற்காகவே போகிறவர்கள் இருக்கிறார்கள்.

கைக்குழந்தையோ, தண்ணீருக்குப் பயப்படும் மனைவியோ கணவனோ உடன் வந்தால் பாலோலெம். காணகோணா ரயில் நிலையத்திலிருந்து ஆட்டோவில் சில நிமிடம்தான். பிறைபோல் வளைந்த விரிகுடா என்பதால் அலை அடங்கியே வருகிறது. வெகுதூரம் வரை ஆழம் இல்லை. ஆள் நடமாட்டமும் இப்போது அதிகம்தான், மறுப்பதற்கில்லை. விடியற்காலையில் எழுந்துவிட்டால் கரை கிட்டத்தட்ட காலியாக இருக்கும். வடமுனையில் ஒரு சிறு தீவு. நீர் வடிந்திருக்கும் நேரத்தில் முழங்கால் தண்ணீரில் நடந்தே போய்விடலாம். வந்த வழியே திரும்ப நினைப்பவர்கள் ஏற்றம் எப்போது என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் படகுக்காரரிடம் பேரம் பேச வேண்டிவரும்.