சாத்தே குச்சியில் சுழலும் விமானப் பாடம்

2004-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தி ஏவியேட்டர்’ படத்தை மாணவர்கள் பலர் பார்த்திருக்கலாம். மார்ட்டின் ஸ்கோர்செசி இயக்கிய அப்படத்தில் லியோனார்டோ டிகாப்ரியோ, ஹோவர்ட் ஹியூஸ் எனும் அமெரிக்க விமானியாக நடித்திருப்பார். வெள்ளி நிற விமானம் ஒன்று வீடுகளின் மீது விழுந்து நொறுங்கும் காட்சியை எளிதில் மறக்க முடியாது. அந்த விமானத்தின் பெயர் எக்ஸ்எஃப்-11. உயரத்தில் பறந்தபடி நிழற்படம் எடுக்கும் உளவு விமானமாக, அமெரிக்க ராணுவத்திற்காக ஹியூஸ் நிறுவனம் உருவாக்கிய சோதனை விமானம் அது.

கட்டப்பட்டவை இரண்டே. இன்று ஒன்றுகூட இல்லை. அதனால்தான் படக்குழுவினர் பெரிய மாதிரி விமானங்களைக் கட்டிப் படமாக்கினர். நாமும் சிறிய அளவில் இதைச் செய்து பார்க்கலாம்.

முதலில் கணக்கு. உண்மை விமானத்தின் இறக்கை வீச்சு ஏறக்குறைய 30.9 மீட்டர், நீளம் 19.9 மீட்டர். 72-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் இறக்கை 43 சென்டிமீட்டர், நீளம் 28 சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அதாவது, புத்தகப் பையில் இருக்கும் 30 சென்டிமீட்டர் அளவுகோலைவிடக் குட்டையான விமானம்!

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ உள்ள எழுதுபொருள் கடைகளில் கிடைக்கும் தடித்த அட்டை, பசை, கத்தரிக்கோல் போதும். நடுவில் விமானி அமரும் சிறு கூடு, இரு பக்கமும் வால்வரை நீளும் இரண்டு குழாய் போன்ற உடல்கள். பழைய நாளிதழை இறுகச் சுருட்டினால் அந்தக் குழாய்கள் தயார்.

சவாலே சுழல்விசிறிகளில்தான். முதல் விமானத்தில் ஒவ்வோர் இயந்திரத்திற்கும் முன்னொன்று, பின்னொன்று என இரண்டு விசிறிகள். ஒவ்வொன்றிலும் நான்கு இதழ்கள். மொத்தம் 16 இதழ்கள். பிளாஸ்டிக் போத்தலிலிருந்து இதழ்களை வெட்டி, சாத்தே குச்சியில் தளர்வாகக் கோத்து, முன்விசிறியின் இதழ்களை ஒரு பக்கமாகவும் பின்விசிறியின் இதழ்களை மறுபக்கமாகவும் சாய்த்துவிடுங்கள். மேசை விசிறியின் முன் பிடித்தால் ஒன்று வலஞ்சுழியாகவும் மற்றது இடஞ்சுழியாகவும் சுற்றும்.

ஏன் எதிரெதிர்ச் சுழற்சி? ஒரே விசிறி வேகமாகச் சுழன்றால் விமானத்தை எதிர்ப்பக்கமாகத் திருகப் பார்க்கும். எதிர்த்திசையில் சுழலும் இரண்டாவது விசிறி அந்தத் திருகலைச் சமன் செய்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதியை நீங்கள் வகுப்பில் படித்திருப்பீர்கள். இங்கே அது கையில் சுழல்கிறது.

ஆனால், அதே ஏற்பாடுதான் ஆபத்தையும் கொண்டுவந்தது. 1946 ஜூலை 7-இல் முதல் விமானத்தை ஹியூஸே ஓட்டினார். எண்ணெய்க் கசிவால் வலப்பக்கப் பின்விசிறியின் இதழ்கள் சாய்வு மாறி, முன்னே இழுப்பதற்குப் பதில் பின்னே தள்ளத் தொடங்கின. விமானம் வலப்பக்கம் இழுக்கப்பட்டு, பெவர்லி ஹில்ஸ் குடியிருப்புப் பகுதியில் விழுந்தது. ஹியூஸ் படுகாயங்களோடு உயிர் தப்பினார். இரண்டாவது விமானத்தில் இயந்திரத்திற்கு ஒரே விசிறிதான் பொருத்தப்பட்டது. 1947 ஏப்ரலில் ஹியூஸே அதையும் ஓட்டிப் பத்திரமாகத் தரையிறக்கினார். பாகங்கள் கூடக் கூட, பழுதாவதற்கான இடங்களும் கூடும் என்பது பொறியாளர்கள் மறக்கக்கூடாத பாடம்.

படிவம் நான்கில் எந்தப் பாடங்களை எடுப்பது என்று யோசிக்கும் மாணவர்களே, விமானத் துறை நமக்கு எட்டாத தூரத்தில் இல்லை. செர்டாங்கில் உள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தில் விண்வெளிப் பொறியியல் கற்பிக்கப்படுகிறது. கோலாலம்பூர் பல்கலைக்கழகத்தின் விமானத் தொழில்நுட்பக் கழகம் டிங்கிலில் இருக்கிறது. சுபாங்கில் விமானப் பராமரிப்புப் பணிகள் நடக்கின்றன. இயற்பியலும் கணிதமும் வெறும் தேர்வுக்கான பாடங்களா, வாழ்க்கைத் தொழிலுக்கான வாசலா என்பதை ஒரு விடுமுறை நாளில் நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

பள்ளி அறிவியல் கழகத்தில் நான்கு பேராகச் சேருங்கள். ஒருவர் அளக்க, ஒருவர் வெட்ட, ஒருவர் ஒட்ட, நான்காமவர் ஒவ்வொரு பாகத்திற்கும் ‘இது எதற்கு?’ என்று கேட்கட்டும். பதில் தெரியாமல் எந்தப் பாகத்தையும் ஒட்டாதீர்கள்.